எழுதி எழுதியே நட்பை வைத்துக்கொள்வது: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2005-ல் கல்லூரி முடித்தோம். 29சி பேருந்தில் ஒரே சீட்டில் மூன்று பேர் நெருக்கியடித்து உட்கார, நாலாவது ஆள் கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்கள் மடியில் பையை வைத்துவிட்டு நிற்பாள். அந்த நாலு பேரில் ஒருத்தி இப்போது நியூ ஜெர்சியில், ஒருத்தி துபாயில், ஒருத்தி அம்பத்தூரில், நான் மேடவாக்கத்தில். போனில் பேசுவது மாதம் ஒரு தடவை இருந்தால் அதிகம். மற்றதெல்லாம் எழுத்துதான். இதைப் பார்த்துவிட்டு அலுவலகத்தில் கூட வேலை செய்பவர்கள், அக்கா பெண், எதிர் வீட்டு மாமி என்று ஆளாளுக்கு ஏதாவது கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் மொத்தமாக எழுதிவிட்டேன்.

வெறும் எழுத்திலேயே ஒரு நட்பை வருஷக்கணக்காகக் காப்பாற்ற முடியுமா?

முடியும். நம் வீட்டுப் பெரியவர்கள் அதைத்தானே செய்தார்கள். என் அம்மாவும் அவருடைய பள்ளித் தோழியும் அந்த நீல இன்லேண்ட் லெட்டரில் மூன்று பக்கமும் நிரப்பி, இடம் போதாமல் மடித்து ஒட்டுகிற ஓரத்திலும் பொடி எழுத்தில் எழுதிக்கொள்வார்கள். பிரிக்கும்போது கிழிந்துபோன ஓரத்தில் எப்போதும் இரண்டு வார்த்தை காணாமல் போகும். பதில் வரப் பத்து நாள் ஆகும், ஏன் இன்னும் பதில் போடவில்லை என்று யாரும் யாரையும் கேட்டதில்லை.

எங்களுக்கு வாய்த்தது எஸ்எம்எஸ். தீபாவளி, புத்தாண்டு மாதிரி நாட்களில் மலிவு எஸ்எம்எஸ் பேக் செல்லாது, ஒவ்வொன்றுக்கும் காசு போகும் என்பதால் முந்தின நாள் ராத்திரியே வாழ்த்தை முடித்துவிடுவோம். 2011 செப்டம்பரில் ஒரு நாளைக்கு 100 எஸ்எம்எஸ்தான் என்று தொலைத்தொடர்பு ஆணையமான டிராய் கட்டுப்பாடு கொண்டுவந்தது (பிறகு 200 ஆக்கினார்கள்). துபாய்க்காரி அப்போது தாம்பரத்துக்காரி. சாயங்காலம் ஐந்து மணிக்கே நூறையும் தீர்த்துவிட்டு எங்கள் வீட்டு லேண்ட்லைனுக்குக் கூப்பிட்டுப் பாதியில் நின்ற கதையை முடித்தாள். அப்புறம் ஆர்குட், யாஹூ மெசஞ்சர், ஜிடாக், இப்போது வாட்ஸ்அப். பாத்திரம்தான் மாறிக்கொண்டே வந்தது.

என்னதான் எழுதுவது? "சாப்டியா", "சாப்டேன்", "அப்புறம்?", "நீதான் சொல்லணும்" என்று நின்றுவிடுகிறதே?

எனக்குச் சொல்ல இருப்பது பெரும்பாலும் இந்தக் கேள்விக்குத்தான். "எப்படி இருக்க" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்றுதான் வரும், வேறு என்ன வரும்? ஒரு மாதம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் இரண்டு பேரும் முப்பது தடவை நல்லா இருந்திருப்பீர்கள், அவள் வீட்டில் கிரைண்டர் ரிப்பேரானதுகூட உங்களுக்குத் தெரிந்திருக்காது.

நான் வைத்திருப்பது ஒரே ஒரு சோதனை. எழுதிய வரியை ஒரு எழுத்துகூட மாற்றாமல் இன்னொருத்திக்கு ஃபார்வர்டு செய்ய முடியுமா என்று பார்ப்பேன். முடியும் என்றால் அழித்துவிடுவேன். ரோஜாப்பூ போட்ட குட் மார்னிங் இதில் முதல் சுற்றிலேயே அடிபட்டுப் போகும். "டேக் கேர் டி" கூடப் போகும்.

போன வருஷம் நியூ ஜெர்சிக்காரிக்கு இப்படி எழுதினேன்: "மேடவாக்கம் சிக்னல்ல ஒருத்தர் உங்கப்பா மாதிரியே கர்சீஃபை காலருக்குள்ள செருகிட்டு நின்னார். பச்சை விழுந்தது தெரியாம பாத்துட்டே இருந்தேன், பின்னாடி ஆட்டோக்காரர் திட்டினார்." அவ்வளவுதான். அவள் அப்பா தவறி ஐந்தாறு வருஷம் ஆகிறது. நாலு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது: "கட்டம் போட்டதா?" ஆமாம், நீலக் கட்டம் என்றேன். அதற்கப்புறம் ஒரு மணி நேரம் அவர் எங்களைக் காலையில் பேருந்து ஏற்றிவிட வந்தது, கண்டக்டரோடு சில்லறைக்குச் சண்டை போட்டது, எல்லாம் எழுதிக்கொண்டே இருந்தோம். அவள் எப்படி இருக்கிறாள் என்று நான் கேட்கவே இல்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது.

இன்னொரு வழியும் உண்டு, இதற்குக் கற்பனைகூட வேண்டாம். பாதியில் நிற்கிற விஷயங்களைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அவள் மாமியாருக்கு வியாழக்கிழமை கண்புரை ஆபரேஷன் என்றால் வெள்ளிக்கிழமை காலையில் "கட்டு பிரிச்சாச்சா?" என்று இரண்டு வார்த்தை. பையனுக்குச் செவ்வாய்க்கிழமை கணக்குப் பரீட்சை என்றால் அன்று சாயங்காலம் "கடைசி கணக்கு போட்டானா?" நான் இதையெல்லாம் போனில் நினைவூட்டலாகவே போட்டு வைத்திருக்கிறேன். அக்கா பெண் பார்த்துவிட்டு, இது ரொம்ப செயற்கையா இருக்கு சித்தி என்றாள். பால் கணக்கைக் காலண்டரில் எழுதி வைக்கிறோம், தோழியின் மாமியார் கண்ணை எழுதி வைத்தால் மட்டும் செயற்கையா என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை.

படம் அனுப்பினால்கூட ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். வெறும் படத்துக்கு வெறும் கட்டைவிரல்தான் பதிலாக வரும்.

அப்போ "சாப்டியா" என்று கேட்கவே கூடாதா?

தாராளமாகக் கேட்கலாம், நம் ஊரில் அது சோற்றைப் பற்றிய கேள்வியே இல்லையே. ஆனால் "என்ன சாப்ட" என்று கேட்டுப் பாருங்கள். "தோசை, சட்னி நேத்திது" என்று வரும். பிடித்துக்கொள்ள ஒரு நுனி கிடைத்துவிட்டது.

எத்தனை நாளைக்கு ஒருமுறை எழுத வேண்டும்?

கணக்கு வைத்தால் அது வருகைப் பதிவேடு ஆகிவிடும். துபாய்க்காரி தினமும் எழுதுவாள். நியூ ஜெர்சிக்காரி மூன்று வாரம் காணாமல் போவாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து திரை நிறையக் கட்டுரை எழுதுவாள். இரண்டும் எனக்குச் சம்மதம்.

நேரத்தை மட்டும் கொஞ்சம் கவனியுங்கள். காலை ஏழு மணிக்கு நான் குக்கர் வைக்கும்போது நியூ ஜெர்சிக்காரிக்கு முந்தின நாள் ராத்திரி ஒன்பதரை. நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்ததும் அது எட்டரை ஆகிவிடும், மார்ச் இரண்டாம் ஞாயிறு மறுபடி ஒன்பதரை. அவள் குழந்தை தூங்குகிற நேரம் எட்டரை. அதனால் குளிர்காலம் முழுக்க என் ஏழு மணிச் செய்திக்குப் பதில் தாமதமாகத்தான் வரும். இது புரியாமல் முதல் வருஷம் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

ப்ளூ டிக் விழுந்து மூன்று நாளாகிறது, பதில் இல்லை. கோபப்படலாமா?

2014 நவம்பரில் வாட்ஸ்அப் இந்த நீல டிக்கைக் கொண்டுவந்தபோது, எத்தனை வீட்டில் சண்டை வந்ததோ தெரியாது, எங்கள் நாலு பேருக்குள் வந்தது. அதற்கு முன்னாலும் லாஸ்ட் சீன் பார்த்துச் சண்டை போட்டவர்கள்தான் நாங்கள். பிரைவசி அமைப்பில் போய் அந்த நீலத்தை அணைத்துவிடலாம், அணைத்தால் மற்றவர் படித்தார்களா என்பதும் உங்களுக்குத் தெரியாது. குழுக்களில் மட்டும் அது அணையாது. நான் அணைத்துப் பல வருஷமாகிறது, பாதிச் சண்டை அன்றோடு முடிந்தது.

படிப்பது ஒரு நொடி வேலை. ஒரு கையில் பேருந்துக் கம்பி, இன்னொரு கையில் போன், அப்படியே படித்துவிடலாம். எழுத இரண்டு கையும் கொஞ்சம் மனசும் வேண்டும். அதிலும் நீங்கள் எழுதியது பெரிய விஷயமாக இருந்தால், "நிதானமா எழுதணும்" என்று அவள் எடுத்து வைப்பாள், அந்த நிதானமான நேரம் வரவே வராது. மூன்று நாள் மௌனத்தில் முக்கால்வாசி இந்த ரகம்தான்.

இதற்கு நாங்கள் ஒரு குறி வைத்திருக்கிறோம். பதில் எதிர்பார்க்காமல் எழுதினால் கடைசியில் "ப.வே." என்று போடுவோம், பதில் வேண்டாம் என்று அர்த்தம். பதில் கட்டாயம் வேண்டும் என்றால் முதல் வரியிலேயே "இன்னிக்குள்ள சொல்லு" என்று இருக்கும். வாங்கிக்கொள்கிற பக்கம் நீங்களாக இருந்தால், "படிச்சேன், ராத்திரி எழுதறேன்" என்று போட்டுவிடுங்கள். ராத்திரி எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

பேச்சு விட்டுப்போய் நாலு வருஷம் ஆகிறது. இப்போது போய் எழுதினால் என்ன நினைப்பாள்?

சந்தோஷப்படுவாள். நான் சும்மா ஆறுதலுக்குச் சொல்லவில்லை, 2022-ல் அமெரிக்காவில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். தொடர்பு விட்டுப்போன ஒருவருக்கு ஒரு சின்னச் செய்தி அனுப்பச் சொல்லி, அவர் எவ்வளவு மகிழ்வார் என்று அனுப்பியவரிடம் கேட்டார்கள். அவர்கள் நினைத்ததைவிட வாங்கியவர்களுக்கு மகிழ்ச்சி அதிகம். எதிர்பாராமல் வந்தது என்பதாலேயே அதிகம்.

மன்னிப்பில் மட்டும் ஆரம்பிக்காதீர்கள். "சாரி டி, ரொம்ப பிசி, தப்பா நினைக்காத" என்று வந்தால் அவள் "பரவாயில்ல டி" என்றுதான் எழுத வேண்டும், அதோடு முடிந்தது. நடுவில் நாலு வருஷம் என்று ஒன்று நடக்கவே இல்லாத மாதிரி, பழைய விஷயம் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு நேராகப் போங்கள். "நம்ம காலேஜ் வாசல்ல மாங்கா பத்தை விக்கற அம்மா இன்னும் அங்கயேதான் இருக்காங்க, மிளகாப்பொடி மட்டும் கம்மி பண்ணிட்டாங்க." இது போதும்.

அப்புறம், நாலு வருஷம் கழித்து அனுப்புகிற முதல் செய்தி கல்யாணப் பத்திரிகை பிடிஎஃப்பாகவோ இன்சூரன்ஸ் பாலிசியாகவோ இருக்க வேண்டாம். இரண்டையும் வாங்கிய அனுபவத்தில் சொல்கிறேன்.

தமிழில் எழுதுவதா, ஆங்கில எழுத்திலேயே தமிழை அடிப்பதா?

ஆங்கில எழுத்தில் தமிழ் எங்களுக்குப் பழகியதற்குக் காரணம் சோம்பேறித்தனம் மட்டும் இல்லை. அந்தக் காலத்து போனில் தமிழே வராது, வந்தாலும் ஒரு எஸ்எம்எஸ்ஸில் ஆங்கில எழுத்து 160 கொள்ளும், தமிழ் 70 தான், அதிலும் புள்ளியும் கொம்பும் தனித்தனிக் கணக்கு. காசு மிச்சம் பிடிக்கக் கற்றுக்கொண்டது கையில் ஒட்டிக்கொண்டது.

ஆனால் ஒரு கதை சொல்கிறேன். நியூ ஜெர்சிக்காரிக்குப் பித்தப்பையில் கல், ஆபரேஷன். மறுநாள் நான் எழுந்து போனைப் பார்த்தால் ஆங்கில எழுத்தில் ஒரே வரி: "வழி தெரியல டி." எனக்குக் கை கால் ஓடவில்லை. அங்கே தனியாகக் கிடக்கிறாள், என்ன ஆச்சோ, பணப் பிரச்சினையா, வீட்டுக்காரர் ஏதாவது சொன்னாரா என்று பத்து தடவை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அம்பத்தூர்க்காரியை எழுப்பினேன், அவள் துபாய்க்காரியை எழுப்பினாள், அங்கே அப்போது விடியற்காலை நாலரை. மூன்று பேரும் அழாத குறை. இரண்டு மணி நேரம் கழித்து மகராசி எழுந்து எழுதுகிறாள், அவள் சொன்னது "வலி தெரியல". மருந்து நன்றாக வேலை செய்கிறதாம், நிம்மதியாகத் தூங்கினாளாம். ழ-வும் ல-வும் ள-வும் எல்லாம் ஒரே எழுத்தானால் இதுதான் கதி.

அன்றையிலிருந்து முக்கியமான விஷயம் என்றால் தமிழில்தான். கூகுளின் ஜிபோர்டு கீபோர்டிலேயே தமிழைச் சேர்த்துக்கொள்ளலாம், ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாற்றித் தரும். பொறுமை இருந்தால் தமிழ்99 பழகுங்கள், 1999-ல் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய விசைப்பலகை. ஒரு வாரம் விரல் தடுமாறும், அப்புறம் வேகம் வந்துவிடும். அரட்டைக்கு எது வேண்டுமானாலும் இருக்கட்டும், அதில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

எழுத்தில் சண்டை வந்துவிட்டால்?

"சரி" என்பதையும் "சரி." என்பதையும் பாருங்கள். அந்த ஒற்றைப் புள்ளியை வைத்து நானும் அம்பத்தூர்க்காரியும் பதினோரு நாள் பேசாமல் இருந்திருக்கிறோம். அவள் வேலை செய்யும் இடத்தில் நாள் முழுக்க அலுவலகக் கடிதம் அடிப்பாள், வாக்கியம் முடிந்தால் கை தானாகப் புள்ளி வைக்கும். நான் அதை முகத்தில் கதவைச் சாத்தியது மாதிரி எடுத்துக்கொண்டேன்.

தான் எழுதும் கிண்டல் மற்றவருக்குக் கிண்டலாகவே போய்ச் சேரும் என்று எல்லோரும் நம்புகிறோம். 2005-ல் ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி என்ற ஆய்வாளர்கள் மின்னஞ்சலை வைத்து இதைச் சோதித்தார்கள். எழுதியவர்களுக்கு நம்பிக்கை மிக அதிகம், படித்தவர்கள் கிண்டலா நிஜமா என்று கண்டுபிடித்தது ஏறத்தாழப் பூவா தலையா போட்ட அளவுக்குத்தான். எழுதும்போது நம் காதில் நம் குரலே ஒலிக்கிறது, அவளுக்கு அது கேட்பதில்லை.

அதனால் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு, கோபம் வந்தால் எழுதக் கூடாது, போன் போட்டுத் திட்டிக்கொள்ளலாம். குரலில் திட்டினால் பாதியில் சிரிப்பு வந்துவிடும். எழுதிய திட்டு அப்படியே கிடக்கும், ஆறு மாதம் கழித்து வேறு எதையோ தேடும்போது கண்ணில் படும். வாட்ஸ்அப்பில் 2023-லிருந்து அனுப்பியதைப் பதினைந்து நிமிஷத்துக்குள் திருத்தலாம், அழிக்கும் வசதி அதற்கு முன்பிருந்தே உண்டு. ஆனால் "இந்தச் செய்தி நீக்கப்பட்டது" என்று ஒன்று நிற்குமே, அதைவிட மோசமான செய்தியை யாரும் எழுதியிருக்க முடியாது.

குழு போதாதா, தனித்தனியாக வேறு எழுத வேண்டுமா?

குழு கல்யாண மண்டபம் மாதிரி, கலகலப்பாக இருக்கும், யாரும் அழ மாட்டார்கள். எங்கள் நாலு பேர் குழுவிலேயே சொல்லாத விஷயங்களைத் தனியாகத்தான் சொல்லிக்கொள்கிறோம். அறுபது பேர் வகுப்புக் குழுவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், பிறந்தநாள் கேக் படத்தோடு சரி.

வாய்ஸ் நோட் எழுத்துக்குச் சமமா?

எனக்கு அரைச் சமம். துபாய்க்காரிக்கு அது உயிர், ஏனென்றால் அங்கே வாட்ஸ்அப் அழைப்புக்கு நீண்டகாலமாகத் தடை, எழுத்தும் குரல் செய்தியும்தான் போகும். குக்கர் விசில், குழந்தை அழுகை எல்லாம் சேர்ந்து வருவது நன்றாகவே இருக்கும். ஆனால் ஏழு நிமிஷம் பேசி அனுப்பினால் மெட்ரோவில் எப்படிக் கேட்பது? இரண்டு நிமிஷத்துக்கு மேல் போனால் எதைப் பற்றி என்று கீழே ஒரு வரி எழுதிவிடு என்று சொல்லியிருக்கிறேன். "மாமியார். அவசரமில்லை." என்று போடுவாள்.

அவள் வீட்டில் சாவு. என்ன எழுதுவதென்றே தெரியவில்லை.

2019 ஜூன், ஊரே தண்ணீர் லாரிக்குக் குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருந்த கோடையில் என் அப்பா போனார். நூற்றுக்கு மேல் செய்தி வந்தது. "ஆர்ஐபி", "ஆழ்ந்த இரங்கல்", கூப்பிய கை. யாரையும் குறை சொல்லவில்லை, ஆனால் ஒன்றும் மனதில் நிற்கவில்லை.

அம்பத்தூர்க்காரி நேரில் வந்து சமையலறையில் புகுந்துகொண்டாள். துபாய்க்காரி, ஏதாவது வேணுமா என்று கேட்காமல், அங்கிருந்தே செயலியில் முப்பது இட்லி ஆர்டர் போட்டுவிட்டு "எட்டு மணிக்கு இட்லி வரும், கதவைத் திற" என்று மட்டும் எழுதினாள். நியூ ஜெர்சிக்காரி காரியம் வரைக்கும் தினம் ஒரு வரி எழுதினாள், ஒவ்வொன்றின் கடைசியிலும் ப.வே. மூன்றாம் நாள், "லாரி வந்துதா?" ஐந்தாம் நாள், "ராத்திரி தூங்கினியா?" ஒன்பதாம் நாள், "அப்பா என் சைக்கிள் செயினை மாட்டி விட்டுட்டு என் துப்பட்டாலயே கையைத் துடைச்சார், ஞாபகம் இருக்கா? அம்மாகிட்ட நான்தான் அடி வாங்கினேன்." அதைப் படித்துத்தான் நான் முதன்முதலாக உட்கார்ந்து அழுதேன். பதினாறாம் நாள், "எத்தனை பேர் சாப்ட்டாங்க?" அன்றைக்குத்தான் பதில் போட்டேன். "அறுபது பேர். பாயசம் அடிபிடிச்சிடுச்சு."

போனவரைப் பற்றி உங்களுக்கு மட்டும் தெரிந்த ஏதாவது ஒன்று இருக்கும். அதை எழுதுங்கள்.

அவள் எழுத்தில் ஏதோ சரியில்லை என்று தோன்றினால்?

தோன்றினால் அனேகமாக உண்மைதான். வழக்கமாகப் பத்து வரி எழுதுபவள் "ம்" என்று நிறுத்துவது, எப்போதும் கேலி செய்பவள் மரியாதையாக எழுதுவது, இவற்றைக் கவனியுங்கள். "எல்லாருக்கும் பாரமா இருக்கேன்", "இருந்து என்ன பிரயோஜனம்" என்ற வகையில் எழுதினால் அங்கேயே எழுதுவதை நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள். உயிரை விட நினைக்கிறாயா என்று நேரடியாகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. எடுக்கவில்லை என்றால் பக்கத்தில் இருக்கும் யாரையாவது நேரில் அனுப்புங்கள். அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416 எந்நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற மருத்துவ உதவி எண்ணும் இருக்கிறது. சென்னையில் 1986-லிருந்து சினேகா என்ற அமைப்பு இதற்காகவே இயங்குகிறது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எழுத்தை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

அரசியல், சாதி, மத ஃபார்வர்டெல்லாம் அனுப்பும் தோழியை என்ன செய்வது?

குழுவில் பதில் சொல்லாதீர்கள், சபையில் வைத்துச் சொன்னால் யாரும் இறங்கி வர மாட்டார்கள். தனியாக ஒரு தடவை, "இது பொய், எனக்கு அனுப்பாதே, உன் கதை ஏதாவது இருந்தா அனுப்பு" என்று சொல்லிப் பார்த்தேன். ஒருத்தி நிறுத்தினாள். இன்னொருத்தி நிறுத்தவில்லை, அவளை ஆர்க்கைவில் போட்டு வைத்திருக்கிறேன், மாதம் ஒருமுறை திறந்து பெருக்கிவிட்டு மூடுவேன்.

வீட்டில் "எப்பப் பாரு போனும் கையுமா" என்கிறார்களே?

எங்கள் வீட்டிலும்தான். அவர் கிரிக்கெட் பார்க்கும் நேரம், நான் எழுதும் நேரம். இதில் வேறு ரகசியம் ஏதும் இல்லை.

தோழி பணம் கேட்டு எழுதுகிறாள். அவள்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அம்பத்தூர்க்காரி எண்ணிலிருந்து ஒரு நாள் மதியம், "ஹாய் டியர், அர்ஜென்ட், 25,000 வேணும், சாயங்காலம் திருப்பித் தரேன்" என்று வந்தது. இருபது வருஷத்தில் அவள் என்னை டியர் என்று கூப்பிட்டதே இல்லை, எருமை என்றுதான் ஆரம்பிப்பாள். "29சி-ல நம்ம மூணு பேர்ல எப்பவும் நிக்கறது யாரு?" என்று கேட்டேன், நாங்கள் நாலு பேர் என்பது அவளுக்குத் தெரியுமே. "ப்ளீஸ் டியர், லேட்டர்" என்று வந்தது. உடனே அவள் வீட்டுக்காரர் எண்ணுக்குக் கூப்பிட்டேன். காலையில் பார்சல் ஆள் மாதிரி பேசிய எவனோ ஒருவனுக்கு போனில் வந்த ஆறு இலக்க எண்ணைச் சொல்லியிருக்கிறாள், வாட்ஸ்அப் கணக்கு கைமாறிவிட்டது. அந்த எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள், இருபடிச் சரிபார்ப்பைப் போட்டு வையுங்கள், பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். திருடனுக்கு எண் கிடைத்தது, எருமை கிடைக்கவில்லை.

பழைய செய்திகளைப் பத்திரப்படுத்த வேண்டுமா?

ஆர்குட் 2014 செப்டம்பர் 30-ல் மூடினார்கள், யாஹூ மெசஞ்சரை 2018 ஜூலை 17-ல். இரண்டிலும் முன்கூட்டியே சொல்லித்தான் மூடினார்கள், நான்தான் எடுத்து வைக்கவில்லை. கல்யாணத்துக்கு முந்தின வாரம் துபாய்க்காரி ஆர்குட்டில் எழுதிய டெஸ்டிமோனியல் போனது இன்னும் உறுத்துகிறது, அதில் ஒரு எழுத்துப் பிழை இருந்தது, அது மட்டும் நினைவிருக்கிறது, மற்றது மறந்துவிட்டது.

இப்போது முக்கியமானதற்கு நட்சத்திரம் போடுகிறேன், வருஷத்துக்கு ஒருமுறை அரட்டையை ஏற்றுமதி செய்து வைக்கிறேன். ஆண்ட்ராய்டில் எடுக்கும் பேக்கப் இப்போதெல்லாம் கூகுள் கணக்கின் 15 ஜிபிக்குள் அடங்க வேண்டும், வீடியோவை விட்டுவிட்டால் எழுத்து மட்டும் இடமே பிடிக்காது. பேக்கப்புக்கும் கடவுச்சொல் போடுங்கள், அதில் இருப்பது உங்கள் ரகசியம் மட்டும் இல்லை.

நேரில் பார்க்காமலேயே நெருங்கிய நட்பு உண்டா?

உடனே பிசிராந்தையாரை இழுக்காதீர்கள். அவரும் கடைசியில் கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்த இடத்துக்குக் கிளம்பி வந்தார்.

ஒரே ஊரில் இருந்துகொண்டு ஏன் எழுத்து? போய்ப் பார்த்துவிட்டு வரலாமே?

மேடவாக்கத்திலிருந்து அம்பத்தூர் போய்ப் பாருங்கள், மாதவரம் சோழிங்கநல்லூர் மெட்ரோ வேலைக்காக இங்கே சாலையைப் பிரித்துப் போட்ட நாளிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குக் குறைந்து நான் போனதே இல்லை. வருஷத்துக்கு மூன்று தடவை பார்க்கிறோம்.

2015 டிசம்பர் 1 ராத்திரி வேளச்சேரியில் வாடகை வீட்டில் இருந்தேன். தண்ணீர் படியேறி வரவும் மொட்டை மாடிக்குப் போனோம், போனில் ஒன்பது சதவீதம் சார்ஜ், சிக்னல் இல்லை. அம்பத்தூர்க்காரிக்கு எழுதினேன்: "மாடிக்கு வந்துட்டோம். அரிசி இருக்கு. ப.வே." டிக்கே விழாமல் கடிகாரக் குறியோடு அப்படியே நின்றது. நாலாம் தேதி மதியம் சிக்னல் வந்ததும் இரண்டு டிக் ஆனது. அவள் அந்த மூன்று நாளில் எனக்கு எழுதிய பதினாலும் அப்போதுதான் சேர்ந்தாற்போல வந்து விழுந்தன. பதினாலாவது, "அரிசி இருக்கா எருமை?"

ஒருத்தி மட்டுமே எழுதிக்கொண்டிருந்தால்?

எங்கள் வகுப்பில் ஐந்தாவதாக ஒருத்தி இருந்தாள். கையெழுத்து அழகாக இருக்கும், என் ரெக்கார்டு நோட்டுக்கெல்லாம் அவள்தான் தலைப்பு எழுதிக் கொடுத்தாள். 2021-லிருந்து அவளிடமிருந்து பதில் இல்லை. காரணம் தெரியாது, கேட்டும் பார்த்தேன், பிளாக்கும் செய்யவில்லை. தினம் எழுதுவதை நிறுத்தினேன், அப்புறம் மாதம் ஒன்று, இப்போது வருஷத்துக்கு ஒன்று, மே மாதம் அவள் பிறந்தநாளுக்கு. வாழ்த்து எழுத மாட்டேன். போன மே மாதம், "என் பொண்ணு ரெக்கார்டு நோட்டுக்கு நானே தலைப்பு எழுதினேன், கோணலா வந்திருக்கு" என்று படம் பிடித்து அனுப்பினேன். இரண்டு டிக். ப.வே. போடவில்லை.